கலவரத்தைக் காட்டி நெருக்கடி நிலை: பிரிவு 352 இன்று எதை அனுமதிக்கிறது, எதைத் தடுக்கிறது

தெருவில் போராட்டம் நடப்பதாலேயே ஜனநாயகம் கவிழ்ந்துவிடாது. போராட்டத்தைக் காரணமாகக் காட்டி, காலக்கெடு இல்லாத அதிகாரத்தை ஒருவர் கையில் எடுத்துக்கொள்ளும்போதுதான் அது கவிழ்கிறது. ஜெர்மனியில் 1933 பிப்ரவரி 27 அன்று நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றியது. மறுநாளே, அன்றைய ஜெர்மனியின் வைமர் அரசமைப்பின் 48வது பிரிவின்கீழ் அவசர ஆணை வந்தது. பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, காரணமின்றிக் கைது செய்யப்படாத உரிமை எல்லாம் நிறுத்திவைக்கப்பட்டன. அந்த ஆணைக்கு முடிவுத் தேதி கிடையாது. ஹிட்லர் ஆட்சி 1945இல் வீழும் வரை அது நடைமுறையில் இருந்தது.

நம் அரசமைப்புச் சட்டத்திலும் இதே போன்ற ஓட்டை இருந்தது. 1975இல் அது பயன்படுத்தப்பட்டது. 1978இல் பெரும்பகுதி அடைக்கப்பட்டது. நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்ய அதிகாரம் தரும் இன்றைய பிரிவு 352ஐப் புரிந்துகொள்ள, 1975இல் எது எந்த வழியாக நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால், 1978இல் வந்த 44வது திருத்தம் இந்தப் பிரிவில் செய்த மாற்றங்கள் அப்போது நடந்தவற்றுக்கான பதில்.

1975இல் சட்டம் எப்படி வளைந்தது

குஜராத்திலும் பிகாரிலும் 1974 முதலே மாணவர் போராட்டங்கள். அதே ஆண்டு மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தம். 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றம் நிபந்தனையுடன் இடைக்காலத் தடை வழங்கியது. ஜூன் 25 மாலை டெல்லி ராம்லீலா மைதானத்தில் எதிர்ப்பியக்கத்தின் தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயண், சட்டவிரோத உத்தரவுகளுக்குக் கீழ்ப்படிய வேண்டாம் என்று காவல்துறைக்கும் ராணுவத்துக்கும் அழைப்பு விடுத்தார். அரசு தேடிக்கொண்டிருந்த காரணம் அந்தப் பேச்சில் கிடைத்தது. அன்றிரவே குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்.

அமைச்சரவைக்கு விஷயம் தெரிந்தது மறுநாள் காலையில்தான். அவசரம் என்றால் அமைச்சரவையைக் கூட்டாமலே முடிவெடுத்துப் பிறகு ஒப்புதல் பெறலாம் என்று அரசு அலுவல் விதிகளின் 12வது விதி பிரதமருக்கு இடம் கொடுத்திருந்தது. அந்த வழியாகத்தான் பிரகடனம் போனது. சொல்லப்பட்ட காரணம் 'உள்நாட்டுக் குழப்பம்'. ஊர்வலம், வேலைநிறுத்தம், கல்வீச்சு என எதை வேண்டுமானாலும் அந்தச் சொல்லுக்குள் அடக்கிவிட முடியும். சட்டம் ஒழுங்கு சீர்குலைந்திருந்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று, நெருக்கடி நிலை அத்துமீறல்களைப் பின்னர் விசாரித்த ஷா ஆணையம் கண்டறிந்தது. அதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மிசாவிலும் (விசாரணையின்றிக் காவலில் வைக்க அனுமதித்த சட்டம்) இந்தியப் பாதுகாப்பு விதிகளிலும் சிறைப்பட்டு முடிந்திருந்தது.

அடுத்தடுத்து மூன்று விஷயங்கள் நடந்தன. பிரகடனத்தை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாதபடி 38வது திருத்தம் வந்தது. நாடாளுமன்றம் ஒருமுறை ஒப்புதல் தந்ததும், நெருக்கடி நிலை மறு ஒப்புதலே தேவைப்படாமல் நீண்டது. பழைய பிரிவு 352 அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. 1976 மார்ச்சில் முடிந்திருக்க வேண்டிய மக்களவையின் பதவிக்காலமும் நீட்டிக்கப்பட்டது.

இன்றைய பிரிவு 352

காரணம் மூன்றுதான்: போர், வெளிநாட்டு ஆக்கிரமிப்பு, ஆயுதக் கிளர்ச்சி. 'உள்நாட்டுக் குழப்பம்' நீக்கப்பட்டுவிட்டது. எவ்வளவு பெரிய பேரணியானாலும், எத்தனை நாள் கடையடைப்பானாலும், ஆயுதம் இல்லாத போராட்டத்தைக் காட்டி இந்தப் பிரிவின்கீழ் பிரகடனம் செய்ய முடியாது. ஆனால் 'ஆயுதக் கிளர்ச்சி' என்றால் என்ன என்று அரசமைப்பு வரையறுக்கவில்லை. ஆபத்து உடனடியாக வரப்போகிறது என்று குடியரசுத் தலைவர் கருதினால், அது நிகழும் முன்பேகூடப் பிரகடனம் செய்யலாம். ஆகவே, ஒரு போராட்டத்தை அரசும் ஊடகமும் 'கிளர்ச்சி', 'போர்' என்று அழைக்கத் தொடங்கும்போது அதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. யார் கையில் என்ன ஆயுதம், எங்கே, எந்த முதல் தகவல் அறிக்கையில் பதிவாகியிருக்கிறது என்று அப்போதே கேட்க வேண்டும்.

பிரதமர் தனியாக முடிவெடுக்க முடியாது. பிரதமரும் கேபினட் அமைச்சர்களும் அடங்கிய அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தால்தான் குடியரசுத் தலைவர் கையெழுத்திட முடியும். விதிகளில் விலக்கு தேடும் பழைய வழி இதனால் மூடப்பட்டது. நீதிமன்றத்தைத் தடுத்த 38வது திருத்தத்தின் வாசகமும் போய்விட்டது.

ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் ஒப்புதல் தர வேண்டும். முன்பு இது இரண்டு மாதம். சாதாரணப் பெரும்பான்மை போதாது: அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் ஆதரவு வேண்டும். 543 இடங்கள் கொண்ட மக்களவையில் எவ்வளவு பேர் வராமல் போனாலும் குறைந்தது 272 வாக்குகள். அனைவரும் வந்து வாக்களித்தால் 362. 245 இடங்கள் கொண்ட மாநிலங்களவையில் குறைந்தது 123; அனைவரும் வாக்களித்தால் 164.

ஒப்புதல் கிடைத்தாலும் ஆறு மாதம்தான் செல்லும். தொடர வேண்டுமென்றால் ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் அதே பெரும்பான்மையில் மீண்டும் வாக்கெடுப்பு. மொத்தத் திருத்தத்திலும் முக்கியமானது இதுதான் என்பது எங்கள் கணிப்பு. ஒப்புதல் வராவிட்டால் பிரகடனம் தானாகச் செத்துவிடும். எதிர்ப்பவர்கள் எதையும் செய்ய வேண்டியதில்லை, தொடர விரும்புகிறவர்தான் ஒவ்வொரு முறையும் ஆள் திரட்டியாக வேண்டும். வைமர் ஆணையில் இது தலைகீழாக இருந்தது.

நடுவில் எப்படி நிறுத்துவது

மக்களவை சாதாரணப் பெரும்பான்மையில் மறுப்புத் தீர்மானம் நிறைவேற்றினால், குடியரசுத் தலைவர் பிரகடனத்தை விலக்கியே ஆக வேண்டும். அவை கூடவில்லையென்றால் அதற்கும் வழி உண்டு: மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர், அதாவது 543இல் 55 பேர், எழுத்துபூர்வமாக நோட்டீஸ் கொடுத்தால் 14 நாட்களுக்குள் சிறப்புக் கூட்டம் நடத்த வேண்டும். அவை நடக்கும் காலமானால் நோட்டீஸ் சபாநாயகருக்கு. இல்லையென்றால் குடியரசுத் தலைவருக்கு.

இதில் இரண்டு இடங்களில் கோளாறு வரலாம். ஆளுங்கட்சியிடம் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால், சிறப்புப் பெரும்பான்மை ஒரு தடையே அல்ல. எதிர்க்கட்சி உறுப்பினர்களைச் சிறையில் வைத்துவிட்டால், வருகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கு என்ற கணக்கும் எளிதாகிவிடும். 1975 ஜூலையில் ஒப்புதல் வாக்கெடுப்பு நடந்தபோது எதிர்க்கட்சியினர் பலர் சிறையில்தான் இருந்தார்கள்.

தென் கொரியாவில் 2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் சுக் யோல் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். எதிர்க்கட்சிகளை அரசுக்கு எதிரான சக்திகள் என்றார். படை வீரர்கள் நாடாளுமன்றத்துக்கு வந்தார்கள். உறுப்பினர்கள் சிலர் வேலியேறிக் குதித்து உள்ளே போனார்கள். சுமார் இரண்டரை மணி நேரத்தில் 300 பேர் கொண்ட அவையில் 190 பேர் கூடி, 190 பேரும் விலக்கக் கோரி வாக்களித்தார்கள். மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் கோரினால் அதிபர் விலக்க வேண்டும் என்கிறது அந்நாட்டு அரசமைப்பின் 77வது பிரிவு. விடிவதற்குள் விலக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 4 அன்று அரசமைப்பு நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. உறுப்பினர்கள் உடல் ரீதியாக அவைக்குள் போய்ச் சேர்ந்ததால்தான் அந்தச் சட்டம் வேலை செய்தது. நம்முடைய 14 நாள் அவகாசம் அந்த வேகத்தோடு ஒப்பிட்டால் மிக நீளமானது.

நெருக்கடி நிலையில் எந்த உரிமை மிஞ்சும்

1976 ஏப்ரல் 28 அன்று ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 4:1 என்று தீர்ப்பளித்தது: நெருக்கடி நிலையில் சிறைப்பட்டவர், தன்னை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது. மறுத்து எழுதிய ஒரே நீதிபதி எச்.ஆர். கன்னா; அடுத்த ஆண்டு அவரைத் தாண்டி இன்னொருவர் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பு வெளிப்படையாகத் தூக்கியெறியப்பட்டது.

44வது திருத்தத்துக்குப் பிறகு, உரிமைகளுக்காக நீதிமன்றம் போவதை நிறுத்திவைக்கும் பிரிவு 359இன்கீழ் எந்த ஆணை வந்தாலும் பிரிவு 20, பிரிவு 21 இரண்டையும் தொட முடியாது. குற்றமாக இல்லாதிருந்த செயலுக்குப் பின்தேதியிட்டுத் தண்டனை, ஒரே குற்றத்துக்கு இரு தண்டனை, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்துதல் ஆகியவற்றைத் தடுப்பது 20. உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காப்பது 21. எனவே ஒருவரைப் பிடித்துச் சென்றால், நெருக்கடி நிலையிலும் உயர் நீதிமன்றத்தில் பிரிவு 226இன்கீழ் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம்.

பேச்சுரிமை பற்றிய பிரிவு 19இல் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. போர் அல்லது வெளிநாட்டு ஆக்கிரமிப்பைக் காரணமாக்கிய நெருக்கடி நிலையில் மட்டும் பிரிவு 358இன்படி 19 தானாகவே நிறுத்திவைக்கப்படும். ஆயுதக் கிளர்ச்சி என்றால் தானாக நிறுத்திவைக்கப்படாது. ஆனால் பிரிவு 359இன்கீழ் தனி ஆணை போட்டு அதை நீதிமன்றத்தில் கேட்கும் உரிமையை நிறுத்திவைக்க முடியும். அப்படிப்பட்ட ஆணை வந்தால், அதில் எந்தெந்தப் பிரிவுகள் குறிப்பிடப்பட்டுள்ளன என்று முதலில் பார்க்க வேண்டும். குறிப்பிடாத உரிமை நிறுத்திவைக்கப்படாது.

பிரகடனமே இல்லாமல் நடப்பவை

352 கடினமாகிவிட்டதால், அமைதியின்மையைப் பயன்படுத்த நினைக்கும் அரசு சாதாரணச் சட்டங்களின் பக்கம் போகிறது.

பழைய 144 தடை உத்தரவு இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163. உத்தரவு இரண்டு மாதம்தான் செல்லும். மாநில அரசு மேலும் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம். பாதிக்கப்பட்டவர், உத்தரவிட்ட நடுவரிடமே (மாஜிஸ்திரேட்) அதை மாற்றவோ ரத்து செய்யவோ மனு கொடுக்கலாம்; நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்த எழுத்துதான் பிறகு உயர் நீதிமன்றத்தில் கைகொடுக்கும்.

இணைய முடக்கத்துக்கு அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் வரம்பு வகுத்தது: உத்தரவை வெளியிட வேண்டும், காலவரையின்றி முடக்கக் கூடாது. இப்போதைய 2024 விதிகளின்படி ஓர் உத்தரவு 15 நாட்களைத் தாண்டக் கூடாது. ஆய்வுக்குழு 5 நாட்களுக்குள் கூட வேண்டும். உத்தரவின் நகலே வெளிவராவிட்டால் முதல் சட்ட மீறல் அங்கேயே இருக்கிறது.

வன்முறையை அரசு ஒடுக்கத்தான் வேண்டும். கடைக்குத் தீ வைத்தவர்மீது குற்ற வழக்கு, ஆதாரம், விசாரணை. அதே நாளில் பக்கத்துத் தெருவில் பதாகை பிடித்து நின்றவரையும் சேர்த்து அள்ளும்போதுதான் வேறு ஏதோ நடக்கிறது என்று பொருள். போராடுகிறவர்களும் அந்தக் கோட்டைத் தெளிவாக வைத்திருந்தால், 'கிளர்ச்சி' என்ற முத்திரை குத்துவது கடினம்.

மிகப் பெரிய ஓட்டை தடுப்புக் காவலில் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டப்படி ஒருவரை விசாரணையின்றி 12 மாதம் வரை வைக்கலாம். காவலில் வைத்த மூன்று வாரத்துக்குள், காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கை வைக்க வேண்டும்; அங்கே வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது. அறிவுரைக் கழகத்தின் கருத்து இல்லாமல் மூன்று மாதம் வரை காவல் என்று பிரிவு 22 அனுமதிக்கிறது. 44வது திருத்தத்தின் 3வது பிரிவு இதை இரண்டு மாதமாகக் குறைக்க வழி செய்தது. கழகத்தை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி அமைக்க வேண்டும் என்றும், பணியில் உள்ள நீதிபதி தலைமை தாங்க வேண்டும் என்றும் சொன்னது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய அந்த 3வது பிரிவை எந்த அரசும் இன்றுவரை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. கொண்டுவரும்படி அரசுக்கு ஆணையிட 1981இல் ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. இதற்குப் புதிய திருத்தம் எதுவும் தேவையில்லை. ஒன்றிய அரசு அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியிட்டால் போதும். உங்கள் தொகுதி மக்களவை உறுப்பினர் எந்தக் கட்சியானாலும், அவர் இதைக் கேள்வி நேரத்தில் எழுப்பலாம்.