எகிப்தியத் தொல்லிடத்துக்கு முகவரி எழுதும்போது

எகிப்தியத் தொல்லிடங்களைப் பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில் ஊர்ப் பெயரைவிட முகவரிதான் அதிகம் தவறுகிறது. அபிதோஸ் இன்றைக்கு சோகாக் ஆளுநரகத்தில் (இன்றைய நிர்வாகப் பிரிவு) இருக்கிறது; பழைய கணக்கில் அது மேல் எகிப்தின், அதாவது தெற்கு எகிப்தின், 8-ஆம் நோமில் (பழங்கால நிர்வாகப் பிரிவு) இருந்தது. இரண்டையும் சேர்த்து 'பழங்கால சோகாக் மாகாணம்' என்று எழுதினால், அப்படி ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

நோம் என்பது கிரேக்கர் வழி வந்த பெயர். எகிப்தியர் 'செபத்' என்றார்கள். வழக்கமான பட்டியலில் மேல் எகிப்துக்கு 22, கீழ் எகிப்துக்கு 20, ஆக 42. மேல் எகிப்தின் எண்கள் தெற்கே எலிஃபன்டைனில் தொடங்கி ஆற்றோடு வடக்கே போகும்: எட்ஃபு 2, கோப்டோஸ் 5, தெந்தெரா 6. நைல் ஒரே கோடாக ஓடுவதால் இங்கே குழப்பம் குறைவு. கீழ் எகிப்தான நைல் டெல்டாவில் அப்படியில்லை. கிளையாறுகள் தூர்ந்தன, திசை மாறின. நோம்கள் பிரிந்தன, சேர்ந்தன. 20 என்ற எண் நிலைத்ததே மிகப் பிந்தி. பிற்காலக் கோயில் பட்டியலில் உள்ள டெல்டா எண்ணைப் பிரமிடு காலத்துக் கல்லறைக்கு ஒட்டுவது ஆபத்து.

வரைபடம் போடுபவர்களுக்கும் ஒன்று. கர்னாக்கில் அரசன் முதலாம் செனுஸ்ரெத் கட்டிய வெள்ளைச் சிறுகோயிலில் நோம்களின் பட்டியலும் அளவுகளும் உண்டு. (பின்னால் மூன்றாம் கோபுரவாசலுக்குள் நிரப்புக் கல்லாகப் போடப்பட்டதால்தான் அந்தக் கற்கள் தப்பின.) நீளத்தின் அலகுக்கு 'இத்தெரு' என்று பெயர், அதாவது சுமார் 10.5 கி.மீ. அளந்தது ஆற்றோர நீளத்தை; பாலைவனப் பக்கம் எங்கே முடிகிறது என்பதை அல்ல. அதனால் நோமைச் சுற்றி நாலு பக்கமும் கெட்டியான கோடு போட்ட வரைபடம் எனக்கு உறுத்தும். ஆற்றை வெட்டும் கோடு போதும். பாலைவனப் பக்கத்தைத் திறந்து விடுங்கள்.

இன்றைய பிரிவும் நிலையானது அல்ல. லக்சர் ஆளுநரகம் கெனாவிலிருந்து பிரிந்தது 2009 டிசம்பரில். அதற்கு முந்திய நூல்கள், இன்று லக்சரில் உள்ள எஸ்னாவைக் கெனாவில்தான் காட்டும். ஹெல்வான், 6 அக்டோபர் என்ற இரண்டு ஆளுநரகங்கள் 2008-இல் பிறந்து 2011-இல் மறைந்தன. ஆளுநரகத்தை எழுதும்போது எந்த ஆண்டு நிலவரம் என்பதையும் எழுதுங்கள். ஆயத்தொலைவைச் சேர்த்தால் பாதித் தொல்லை தீரும்.

கிரேக்கப் பெயரை மட்டும் நம்பவே கூடாது. ஹெர்மோபோலிஸ் என்றால் மின்யாவின் அஷ்முனெய்னா, டெல்டாவின் தமன்ஹூரா? அப்போலோனோபோலிஸ் என்றால் எட்ஃபுவா, கூஸா? அரபுப் பெயரிலும் இதே சிக்கல்தான். கோம் எல்-அஹ்மர் என்ற பெயரில் உள்ள இடம் ஒன்றல்ல. பழைய நகரமான ஹியராகோன்போலிஸ் அவற்றில் ஒன்று. அதனால் நோம் எண், இன்றைய ஊர், ஆளுநரகம் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஒன்று இடித்தாலும் வேறொரு ஊரின் தகவல் கலந்திருக்கலாம். ஃபையூமில் இன்னொரு கண்ணி: தெமிஸ்டோஸ், போலெமோன், ஹெராக்ளெய்டெஸ் ஆகியவை நோம்கள் அல்ல, அர்சினோயி நோமின் உட்பிரிவுகள்.

அரசன் பெயர் பொறித்த கல்லும் முகவரி சொல்லாது. சான் எல்-ஹகரில் (பழைய தானிஸ்) இரண்டாம் ராம்சேஸின் சிலைகள் குவிந்து கிடந்ததைக் கண்ட பிரெஞ்சுத் தொல்லியலாளர் பியர் மோன்தே, அதுவே அந்த அரசனின் தலைநகரான பி-ராம்சேஸ் என்று கொண்டார். உண்மையில் அந்த நகரம் தெற்கே கந்தீரில் இருந்தது. நைலின் பெலூசியக் கிளை தூர்ந்தபின், கற்களைப் பெயர்த்து வந்து தானிஸைக் கட்டியிருக்கிறார்கள். கல் கிடைத்த இடம், கல் முதலில் நின்ற இடம் என்று பதிவில் இரண்டு கட்டம் வைத்துக்கொள்வது நல்லது.

தமிழ் வாசகர்கள் அதிகம் தேடும் குசேர் அல்-காதிமுக்கு வருவோம். கணன், சாதன் என்ற தமிழ்ப் பிராமிப் பெயர்கள் பானை ஓடுகளில் கிடைத்த துறைமுகம் இது. பழைய கட்டுரைகள் இதை லியூகோஸ் லிமென் என்கின்றன. பிந்திய அகழாய்வில் கிடைத்த எழுத்தோடுகள் இது மியோஸ் ஹோர்மோஸ் என்று உறுதிப்படுத்தின. ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டதாகக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதிய துறைமுகம் அதுதான். இதற்கும் தெற்கே உள்ள பெரெனிக்கேவுக்கும் 42 நோம்களில் ஓர் எண்ணைத் தேடி ஒட்ட வேண்டாம். இவை செங்கடல் ஓரப் பாலைவனத் துறைகள். சரக்கு ஒட்டகத்தில் ஏறி நைல் கரையின் கோப்டோஸுக்குப் போகும். பெரெனிக்கேவுக்கும் கோப்டோஸுக்கும் இடையே 12 நாள் வழி என்கிறார் ரோம எழுத்தாளர் பிளினி. பதிவில் ஆளுநரகம் 'செங்கடல்', வணிகத் தொடர்பு 'கோப்டோஸ்' என்று எழுதி, நோம் கட்டத்தை வெறுமையாக விடுங்கள்.