டயாலிசிஸ்ல குளிர் நடுக்கமா? ஊசி மட்டும் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடாதீங்க

கழுத்து டியூப் வழியா டயாலிசிஸ் பண்ணிக்கிறவங்க அடிக்கடி சொல்றது, "மெஷின்ல போட்டதும் உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது டாக்டர், ஒரு ஊசி போட்டா சரியாயிடுது". சரியாகலைங்க, அப்போதைக்கு அடங்கியிருக்கு, அவ்ளோதான். அந்த டியூப்போட நுனி இதயத்துக்குப் பக்கத்துல இருக்கு, அதுல கிருமி ஒட்டியிருந்தா ஒவ்வொரு டயாலிசிஸ்லயும் நேரா ரத்தத்துக்குத்தான் போகும்.

பெரும்பாலும் பாக்டீரியாதான். ஆனா கேண்டிடான்னு ஒரு பூஞ்சை இருக்கு, நம்ம தோல்லயும் குடல்லயும் சாதாரணமா இருக்கறதுதான், சுகர், மாசக்கணக்குல கிடக்கிற டியூப், திரும்பத் திரும்ப ஆண்டிபயாடிக் இதெல்லாம் சேர்ந்தா அது ரத்தத்துல ஏறி இதய வால்வுல உக்காந்துக்கலாம். கிட்னி ஃபெயிலியர்ல வால்வுலயே கால்சியம் படிஞ்சு சொரசொரன்னு இருக்கும், பூஞ்சை ஒட்டிக்க அது ரொம்ப வசதி. வால்வுல ஒட்டின பூஞ்சைக் கட்டி பெருசா வளர்ந்து உடைஞ்சு போய் ரத்தக்குழாயை அடைச்சா ஸ்ட்ரோக் வரலாம், இல்ல திடீர்னு ஒரு கால் சில்லுன்னு மரத்துப்போகும். சிலருக்குக் காய்ச்சல் லேசாத்தான் இருக்கும், அதான் ஏமாத்துது.

அதனால ஆண்டிபயாடிக் ஏத்துறதுக்கு முன்னாடியே பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்துல கிருமி வளருதான்னு பாக்குற டெஸ்ட், எடுக்கச் சொல்லிக் கேளுங்க. ரிப்போர்ட்ல 'ஈஸ்ட்'னு (கேண்டிடா மாதிரி பூஞ்சையைத்தான் அப்படிச் சொல்வாங்க) வந்தா ஏதோ கலந்துருக்கும்னு யாரும் தள்ளிவிடக் கூடாது, ரத்தத்துல கேண்டிடா ஒரு தடவை வந்தாலே நிஜம்னுதான் எடுத்துக்கணும், டியூப்பைக் கழட்டணும், எக்கோ (இதயத்தோட ஸ்கேன்) பாக்கணும், கண்ணுக்கும் பரவியிருக்கான்னு செக் பண்ணணும். நெஞ்சு மேல வச்சுப் பாக்குற எக்கோல ஒண்ணும் தெரியல, ஆனா சந்தேகம் போகலன்னா தொண்டை வழியா விடுற எக்கோ பண்ணிடறது நல்லது. அஸ்பெர்ஜில்லஸ்னு இன்னொரு பூஞ்சை பெரும்பாலும் பிளட் கல்ச்சர்ல வளரவே வளராது, அதனால ரிப்போர்ட்ல ஒண்ணும் வரலன்னாலும் பூஞ்சை இல்லைன்னு ஆயிடாது.

வைத்தியம் லேசு இல்ல. ஆம்போடெரிசின் மாதிரி பூஞ்சையைக் கொல்ற மருந்து வாரக்கணக்குல ஓடும், முடிஞ்சவங்களுக்கு வால்வு ஆபரேஷன், அதுக்கப்புறமும் ஆறு வாரமாவது மருந்து, பிறகு ஃப்ளூகோனசோல்னு பூஞ்சைக்கான மாத்திரை சிலருக்கு ஆயுசுக்கும். அந்த மாத்திரை டயாலிசிஸ்ல வெளிய போயிடும், அதனால டயாலிசிஸ் அன்னைக்கு முடிச்சுட்டுத்தான் போடணும். இவ்வளவு பண்ணியும் நிறைய பேரைக் காப்பாத்த முடியறதில்ல.

டியூப்புக்குப் பதிலா கையில ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்த வசதியா ரெண்டு ரத்தக்குழாயைச் சேர்த்து வைக்கிற சின்ன ஆபரேஷன்) போட பயப்படாதீங்க ப்ளீஸ். அது ஊசி குத்துற அளவுக்குத் தயாராக ஒண்ணரை ரெண்டு மாசம், சில சமயம் அதுக்கு மேலயும் ஆகும், அதனால டயாலிசிஸ் வரப்போகுதுன்னு டாக்டர் சொன்னப்பவே பேசிடுங்க. அதுவரைக்கும் டியூப் நனையக்கூடாது, மாட்டும்போதும் கழட்டும்போதும் நீங்களும் நர்ஸும் மாஸ்க் போடணும், அது வழியா குளுக்கோஸ் ஏத்த விடாதீங்க. வீட்டுல ராத்திரி குளிர் வந்தா அடுத்த டயாலிசிஸ் வரைக்கும் காத்திருக்காம அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க.