ரஷ்ய பாஸ்போர்ட்டில் 'இனம்' எங்கே போனது? இப்போதுள்ள விதி என்ன?

சோவியத் காலத்து பாஸ்போர்ட்டைத் திறந்தால் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், அடுத்து 'தேசிய இனம்' என்று ஒரு வரி இருக்கும். வெளிநாடு போவதற்கான பாஸ்போர்ட் அல்ல இது. 1932 இறுதியில் கொண்டுவந்த உள்நாட்டு அடையாள ஆவணம்.

முதலில் அவரவர் சொன்ன இனத்தையே எழுதிக்கொண்டார்கள். 1938-இல் அது நின்றது. பெற்றோரின் இனமே பிள்ளைக்கும் என்றானது. அப்பாவும் அம்மாவும் வெவ்வேறு இனம் என்றால், 16 வயதில் பாஸ்போர்ட் வாங்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அப்புறம் மாற்ற முடியாது. பெற்றோர் யூதர் என்றால், மாஸ்கோவில் பிறந்து, ரஷ்ய மொழி மட்டுமே பேசி வளர்ந்தவரும் அந்த வரியில் 'யூதர்'தான். வேலைக்குச் சேரும்போது நிரப்பும் படிவத்தில் இதே கேள்வி ஐந்தாவதாக வரும். அதனால் 'ஐந்தாவது வரி' என்றாலே எல்லோருக்கும் புரியும்: நல்ல மதிப்பெண் இருந்தும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமல் போவதற்கு அதுதான் காரணம்.

ரஷ்யாவின் 1993 அரசமைப்புச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு இதைத் தலைகீழாக்கியது. தன் இனம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே. சொல்லச் சொல்லி யாரையும் வற்புறுத்தக் கூடாது. 1997 அக்டோபர் முதல் வழங்கிய புது பாஸ்போர்ட்டில் அந்த வரி கிடையாது. இப்போது 14 வயதில் வாங்கி, 20-லும் 45-லும் மாற்ற வேண்டும்.

எல்லோரும் இதை வரவேற்றுவிடவில்லை. 'எங்களைக் கரைக்கப் பார்க்கிறார்கள்' என்று, ரஷ்யாவுக்குள் தத்தார் இனத்தவர் வாழும் தத்தர்ஸ்தான் குடியரசு கொதித்தது; சில ஆண்டுகள் புது பாஸ்போர்ட் வழங்கவே மறுத்தது. தத்தார் மொழியில் கூடுதல் பக்கம் சேர்த்த பிறகுதான் சமாதானம் வந்தது. அந்த அச்சம் நியாயமானதே. ரஷ்ய மொழியில் 'ரூஸ்கி' என்றால் ரஷ்ய இனத்தவர். 'ரஸ்ஸியானின்' என்றால் எந்த இனமானாலும் ரஷ்ய நாட்டுக் குடிமகன். அன்றைய அதிபர் எல்த்சின் தன் உரைகளில் மக்களை இந்த இரண்டாவது சொல்லால்தான் அழைப்பார். ஆனால் பெரும்பான்மை இனமும் நாடும் ஏறக்குறைய ஒரே பெயரில் இருக்கும்போது, சின்ன இனத்தவருக்குக் கவலை வரத்தானே செய்யும்?

சரி, இனத்தை இப்போது எங்கே பதியலாம்? பெற்றோர் விரும்பினால் பிள்ளையின் பிறப்புப் பதிவில் தங்கள் இனத்தைக் குறிக்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வாயால் சொன்னால் போதும், ஆதாரம் வேண்டாம்.

உண்மையில் அடிபட்டவர்கள் வடக்கிலும் சைபீரியாவிலும் வாழும் நெனெத்ஸ், எவென்கி போன்ற சிறு பழங்குடிகள். 50,000-க்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட இந்த இனங்களுக்குச் சட்டப்படி தனிச் சலுகைகள் உண்டு: சமூக ஓய்வூதியம் ஆணுக்கு 55 வயதில், பெண்ணுக்கு 50 வயதில், பாரம்பரிய மீன்பிடி உரிமையும் உண்டு. ஆனால் பாஸ்போர்ட்டில் அந்த வரி போனபின் 'நான் எவென்கி' என்பதற்குக் காட்டத் தாள் இல்லாமல் போனது. பெற்றோரின் பழைய பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்துக்கொண்டு பலர் நீதிமன்றப் படி ஏறினார்கள். தலைமுறை தலைமுறையாக வலை வீசிய ஆற்றில் மீன் பிடிக்க, தான் யார் என்று நீதிபதி முன் நின்று நிரூபிப்பது எவ்வளவு பெரிய வேதனை!

இதற்காக 2020-இல் சட்டம் திருத்தி, இந்த இனத்தவருக்கென்று ஒரு பதிவேடு தொடங்கினார்கள். இன விவகாரங்களுக்கான கூட்டாட்சி முகமை அதை நடத்துகிறது. விண்ணப்பத்தோடு இனம் குறித்த பழைய ஆவணங்களை இணைக்க வேண்டும்; உறவினருடைய ஆவணங்களும் உதவும். 2022 பிப்ரவரி முதல் சலுகை தரும் அலுவலகங்கள் இந்தப் பதிவேட்டைத்தான் பார்க்கின்றன. அதனால் வீட்டில் தாத்தா பாட்டியின் சோவியத் பாஸ்போர்ட் கிடந்தால் தூக்கிப் போட வேண்டாம். பதிவேட்டில் பெயர் ஏற அந்த பழைய வரியே இன்று பேரனுக்குச் சாட்சியாக நிற்கலாம்.