அதிபரைத் தோற்கடிக்க முடியுமா? சதவீதத்தைப் பார்க்கும் முன் தேதியைப் பாருங்கள்

அமெரிக்காவில் பதவியில் இருக்கும் அதிபர் மறுபடி களம் இறங்கினாலே என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: எதிர்த்து நிற்பவர் ஜெயிப்பாரா? கருத்துக்கணிப்புத் தரவுகளோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு, அதனால் கேட்கிறார்கள், தப்பில்லை. ஆனால் கேட்பவர் கையில் பெரும்பாலும் வாட்ஸாப்பில் வந்த ஒரு படம் இருக்கும். அதில் பெரிய எழுத்தில் ஒரு சதவீதம் இருக்கும், எந்த மாதம் எடுத்தது, எத்தனை பேரிடம் எடுத்தது என்பது மட்டும் இருக்காது.

அந்த மாதம்தான் பாதி விஷயம். ஜார்ஜ் புஷ் சீனியரை எடுத்துக்கொள்ளுங்கள். 1991 மார்ச்சில், வளைகுடாப் போரில் ஜெயித்த சூட்டோடு, அவர் வேலையைச் சரியாகச் செய்கிறார் என்று கேலப் என்ற அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனத்திடம் சொன்னவர்கள் 89 சதவீதம். அடுத்த ஆண்டு நவம்பரில் அவருக்கு விழுந்த ஓட்டு 37 சதவீதம், ஆட்சி போச்சு. ரீகன் கதை அப்படியே தலைகீழ்: 1982 கடைசியில் வேலையின்மை 10.8 சதவீதம், 1983 ஜனவரியில் அவருக்கு இருந்த ஆதரவு 35 சதவீதம்தான், அன்றைக்கு யாராவது கணித்திருந்தால் இவர் ஒரு தவணையோடு மூட்டை கட்டுவார் என்றுதான் எழுதியிருப்பார்கள். 1984இல் 50 மாநிலங்களில் 49ஐ அள்ளிக்கொண்டு போனார்.

எதிராளி பக்கம் இன்னும் மோசம். 1992 ஜூனில் கேலப் எடுத்த கணிப்பில் முதல் இடம் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோவுக்கு, இரண்டாவது புஷ், கடைசியில் ஜனநாயகக் கட்சியின் பில் கிளின்டன். அந்தக் கடைசி ஆள்தான் ஐந்து மாதத்தில் அதிபரானார். ஜூலையில் பெரோ திடீரென்று விலகினார், அக்டோபரில் திரும்ப வந்தார், ஜூலையிலேயே ஜனநாயகக் கட்சி மாநாடும் நடந்தது, கிளின்டன் யார் என்று நாட்டுக்குத் தெரிந்தது. ஜூன் மாதம் பதில் சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு அப்போது தெரிந்ததை வைத்துச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, பெயரே இல்லாத வேட்பாளர். "அதிபருக்கு ஓட்டுப் போடுவீர்களா, எதிர்க்கட்சி நிறுத்தும் ஒருவருக்குப் போடுவீர்களா?" என்று கேட்டால் அந்த 'ஒருவர்' பெரும்பாலும் நன்றாகவே செய்வார், ஏனென்றால் அவர் எதையும் உளறியதில்லை, அவருக்குப் பழைய வழக்கு எதுவும் கிடையாது, கேட்பவர் மனதில் யாரை நினைக்கிறாரோ அவரே வேட்பாளர். 2011இல் ஒபாமாவே இந்த முகமில்லாத குடியரசுக் கட்சிக்காரரிடம் பின்தங்கியிருந்தார். அப்புறம் மிட் ராம்னி என்று ஒரு முகம் வந்தது, 2012இல் ஒபாமா கிட்டத்தட்ட 4 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். ராம்னி ஒரு புள்ளி முந்துவதாகத்தான் கேலப்பின் கடைசிக் கணிப்பு சொன்னது. அந்த ஒரு புள்ளியை வைத்து எத்தனை தலைப்புச் செய்தி!

ஆயிரம் பேரிடம் எடுத்த கணிப்பில் பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 3 என்று போடுவார்கள். அது ஒருவருடைய சதவீதத்துக்கு மட்டும். இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்கு அது கிட்டத்தட்ட 6 ஆகிவிடும், ஆக 49-48 என்பதற்கு 'முந்துகிறார்' என்று தலைப்பு வைப்பது சும்மா. அந்த 6 கூட ஏட்டுக் கணக்குதான், நடைமுறையில் அதைவிடப் பெரிதாகவே தவறுகிறது. காரணம், யார் போனை எடுத்துப் பதில் சொல்கிறார் என்பதை அந்தச் சூத்திரம் கணக்கில் எடுப்பதே இல்லை.

இது எங்கள் மேஜையில் தினமும் நடக்கும் சண்டை. களத்திலிருந்து வரும் கச்சாத் தரவைத் திறந்தால் வயதானவர்கள் அதிகம், பட்டதாரிகள் அதிகம், இளைஞர்கள் அங்கொன்று இங்கொன்று. மக்கள்தொகைக் கணக்கோடு ஒப்பிட்டு, அதிகம் வந்தவர்களின் எடையைக் குறைத்து, குறைவாக வந்தவர்களின் எடையைக் கூட்டுவோம். ஒருவர் பதில் 0.6 ஆள் மாதிரி, இன்னொருவர் பதில் இரண்டு ஆள் மாதிரி கணக்கில் சேரும். வயது, படிப்பு, இனம் எல்லாவற்றுக்கும் இதைச் செய்யலாம். ஆனால் ஒரே வயது, ஒரே படிப்பு, ஒரே ஊர்க்காரர் இருவரில் ஒருவர் கணிப்பு என்றாலே போனை வைத்துவிடுகிறார், அவருடைய ஓட்டும் வேறு பக்கம் போகிறது என்றால் எந்த எடையும் அதைச் சரி செய்யாது. 1936இல் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் 1 கோடிப் பேருக்கு வாக்கு அட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் திரும்ப வாங்கி, அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் ஆல்ஃப் லேண்டன் வீழ்த்துவார் என்று அறிவித்தது. லேண்டனுக்குக் கிடைத்தவை மெய்ன், வெர்மான்ட் என இரண்டே மாநிலங்கள். பட்டியல் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் பக்கம் சாய்ந்திருந்தது ஒரு பக்கம் என்றால், அட்டையைத் திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்களில் ஆட்சி மேல் கோபம் உள்ளவர்கள் கூடுதலாக இருந்தது இன்னொரு பக்கம். 2020இலும் நோய் அதேதான், கணிப்பு சாய்ந்த கட்சி மட்டும் வேறு. விஸ்கான்சினில் பைடன் 17 புள்ளி முன்னிலை என்று அக்டோபர் கடைசியில் பெரிய நிறுவனத்தின் கணிப்பு ஒன்று வந்தது, அங்கே அவர் ஜெயித்தது 1 புள்ளிக்கும் குறைவாக.

சரி, பின்னே எதைத்தான் பார்ப்பது? நான் பார்ப்பது தேர்தல் ஆண்டின் செப்டம்பர், அக்டோபரில் அதிபரின் செயல்பாட்டுக்குக் கிடைக்கும் ஆதரவை. எதிராளியைப் பற்றிய கேள்வியைவிட எனக்கு அதன்மேல்தான் நம்பிக்கை, ஏனென்றால் கடைசியில் விழும் ஓட்டு பெரும்பாலும் அந்த எண்ணை ஒட்டியே வருகிறது. புஷ் ஜூனியர் 2004இல் 50ஐ நெருங்கிய ஆதரவோடு போனார், ஓட்டு 50.7. டிரம்ப் 2020இல் நாற்பதுகளின் நடுவில் இருந்தார், ஓட்டு 46.8. முடிவு செய்யாதவர்கள் கடைசியில் எதிராளி பக்கமே சாய்வார்கள் என்று எங்கள் தொழிலில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. 2004இல் கேலப் அதை வைத்துத் தன் கடைசிக் கணிப்பை 49-49 ஆக்கியது, புஷ் ஜெயித்தார்.

கடைசி நேரத் திருப்பத்தையும் ஒதுக்க முடியாது. 1948இல் ட்ரூமன் தோற்பது உறுதி என்று நினைத்த கணிப்பாளர்கள் முன்கூட்டியே கடையைக் கட்டினார்கள், ட்ரூமன் ஜெயித்தார். 1980இல் கார்ட்டரும் ரீகனும் நேருக்கு நேர் விவாதித்தது ஒரே முறை, அதுவும் தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு. ரீகன் 3 புள்ளி முந்துவதாகக் கேலப் கடைசியாகச் சொன்னது, அவர் ஜெயித்தது கிட்டத்தட்ட 10 புள்ளியில். அமெரிக்காவில் தேர்தல் தேதியை அதிபர் நகர்த்த முடியாது, அதனால் சறுக்கல் எந்த வாரம் வருகிறது என்பது அவர் அதிர்ஷ்டம். நகர்த்த முடிந்தவர்கள் பாடும் பெரிதாக ஒன்றுமில்லை: இலங்கையில் மகிந்த ராஜபக்ச தவணை முடியச் சுமார் இரண்டு ஆண்டு இருக்கும்போதே தேர்தலை அறிவித்தார், 2015 ஜனவரியில் தன் கட்சியிலிருந்தே வெளியேறிய மைத்திரிபால சிறிசேனவிடம் தோற்றார்.

'வரலாற்றில் இப்படி நடந்ததே இல்லை' என்று தொடங்கும் பதிவுகளை நான் சட்டை செய்வதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் பதவியில் இருந்த அதிபர் பொதுத்தேர்தலில் நின்றது மொத்தமே 12 முறை, தோற்றது நான்கு: 1976, 1980, 1992, 2020. பன்னிரண்டே தேர்தல்களை வைத்துக்கொண்டு எந்த விதியையும் நிரூபிக்கலாம். சொந்தக் கட்சிக்குள்ளேயே பலமான போட்டி வந்தால் அதிபர் தோற்பார் என்பது அவற்றில் எனக்குப் பிடித்த விதி. ஃபோர்டுக்கு ரீகன், கார்ட்டருக்கு எட்வர்ட் கென்னடி, புஷ் சீனியருக்கு பாட் புக்கானன், மூன்றும் அச்சாகப் பொருந்தியது. டிரம்புக்கு 2020இல் கட்சிக்குள் சொல்லிக்கொள்ளும்படி எதிர்ப்பே இல்லை, தோற்றார்.

அந்தத் தேர்தலிலேயே இன்னொரு கணக்கும் இருக்கிறது. நாடு முழுக்க பைடன் 70 லட்சம் ஓட்டு அதிகம். ஆனால் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் அவர் முந்தியது கூட்டிப் பார்த்தால் சுமார் 43,000 ஓட்டு. அதிபரைத் தேர்ந்தெடுப்பது நாடு தழுவிய மொத்த ஓட்டு அல்ல, மாநில வாரியாகக் கிடைக்கும் இடங்களைக் கொண்ட தேர்வாளர் குழு; இந்த மூன்றும் கைமாறியிருந்தால் அதில் 269-269 என்று சமநிலை, முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போயிருக்கும். ஆகவே அடுத்த முறை நாடு தழுவிய கணிப்பு ஒன்றை யாராவது அனுப்பினால், தேதியைக் கேட்ட கையோடு, எந்தப் பக்கமும் சாயக்கூடிய இழுபறி மாநிலங்களில் என்ன நிலவரம் என்றும் கேளுங்கள்.