வாசனையைத் தேடி ஆல்பாவுக்கு: வெள்ளை டிரஃபிள் மணப்பது எப்படி?

மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் கண்ணாடிக் கூடுகளைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் களிமண் நிறத்தில், கோணல்மாணலாக ஒரு கட்டி. சேப்பங்கிழங்கா, உருளைக்கிழங்கா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. வாங்க வந்தவர் விலை கேட்பதற்கு முன்பே குனிகிறார். விற்பவர் கூட்டைத் தூக்குகிறார். வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுக்கிறார். அந்த ஒரு மூச்சுக்காகத்தான் எங்கெங்கிருந்தோ மக்கள் விமானம் ஏறி அங்கே வருகிறார்கள்.

இடம், இத்தாலியின் வடமேற்கில் பியட்மாண்ட் பகுதியில் உள்ள ஆல்பா நகரம். சுற்றிலும் லாங்கே குன்றுகள், திராட்சைத் தோட்டங்கள், பனிமூட்டம். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் தொடங்கி டிசம்பர் தொடக்கம் வரை இங்கே வெள்ளை டிரஃபிள் திருவிழா நடக்கிறது. 1920-களின் இறுதியில் ஜாகோமோ மோர்ரா என்ற உள்ளூர் ஹோட்டல்காரர் அறுவடை விழாவோடு சேர்த்துத் தொடங்கிவைத்த கண்காட்சி இது. 1951-இல் அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்கு இரண்டரைக் கிலோ எடையுள்ள டிரஃபிளை அனுப்பி வைத்து ஆல்பாவின் பெயரை உலகெங்கும் பரப்பியவரும் அவர்தான்.

உணவுக்காகப் பயணம் போகத் தக்க ஊர்கள் உலகத்தில் எத்தனையோ இருக்கின்றன. ஜெர்மனியின் பீர் திருவிழாவுக்குப் போக முடியாதவர் அதே பீரைப் புட்டியில் வாங்கிக் குடித்து ஓரளவு ஆறுதல் அடையலாம். ஆல்பாவின் சரக்கைப் புட்டியில் அடைக்க முடியாது. பறித்த சில நாட்களுக்குள் அந்த மணம் போய்விடும். அதை முகர வேண்டுமானால் பருவத்தில் அந்த மண்ணுக்கே போவதுதான் சரி. ஏன் இப்படி என்று கேட்டுக்கொண்டே போனால், மண்ணுக்கடியில் மரமும் பூஞ்சையும் விலங்கும் சேர்ந்து நடத்தும் ஒரு பழைய ஏற்பாட்டில் போய் நிற்போம்.

டிரஃபிள் என்றதும் நம் ஊர் பேக்கரியின் சாக்லேட் கேக் நினைவுக்கு வரலாம். அந்தப் பெயருக்கு மூலம் இந்தக் கட்டிதான். கொக்கோத் தூளில் புரட்டிய சாக்லேட் உருண்டை, மண் ஒட்டிய டிரஃபிள்போல் இருந்ததால் அதன் பெயர் சாக்லேட்டுக்குப் போனது. உண்மையான டிரஃபிள் ஒரு பூஞ்சை. காளானுக்கு உறவு என்றாலும் மண்ணைவிட்டு வெளியே தலைகாட்டாதது. குறுக்கே வெட்டினால் கொட்டைப்பாக்கை வெட்டியதுபோலவே இருக்கும்: பழுப்பு நிறத்தில் வெள்ளை நரம்புகள் வளைந்து வளைந்து ஓடும். மேசையில் அதைச் சீவுவதும் ஏறக்குறைய பாக்குச் சீவலின் கனத்தில்தான்.

'இடி இடித்தால் காளான் முளைக்கும்' என்று நம் கிராமங்களில் சொல்வார்கள். பழங்காலக் கிரேக்கர்களும் ரோமானியர்களும் டிரஃபிளைப் பற்றி இதையேதான் நம்பினார்கள். விதை தெரியவில்லை, வேர் தெரியவில்லை, மழைக்குப் பிறகு மண்ணுக்குள் திடீரென்று ஒரு கட்டி கிடக்கிறது என்றால் வானத்தின் மேல்தானே பழியைப் போட முடியும்!

விடை கிடைத்தது 1885-இல். டிரஃபிளைப் பயிராக வளர்க்க வழி உண்டா என்று ஆராயும் பொறுப்பை ஜெர்மனியின் பிரஷ்ய அரசு ஆல்பர்ட் ஃப்ராங்க் என்ற தாவரவியலாளரிடம் ஒப்படைத்திருந்தது. அவர் மரங்களின் வேர்நுனிகளைப் பார்த்தபோது, பூஞ்சை இழைகள் அவற்றை உறைபோல மூடியிருப்பதைக் கண்டார். அதற்கு மைக்கோரைசா, அதாவது பூஞ்சைவேர், என்று பெயரிட்டார். கேட்ட டிரஃபிள் பண்ணை கிடைக்கவில்லை. ஆனால் காடுகள் எப்படி வாழ்கின்றன என்பதற்கே ஒரு திறவுகோல் கிடைத்துவிட்டது.

அந்த ஏற்பாடு இதுதான். பூஞ்சைக்கு ஒளிச்சேர்க்கை தெரியாது, சொந்தமாகச் சர்க்கரை செய்ய முடியாது. மரத்துக்கு வேர் உண்டு, ஆனால் முடியைவிட மெல்லிய மண் இடுக்குகளில் அந்த வேர் நுழையாது. பூஞ்சையின் இழைகள் நுழையும். அவை தண்ணீரையும் பாஸ்பரஸ், நைட்ரஜன் போன்ற சத்துகளையும் திரட்டி வேரிடம் கொடுக்கின்றன. மரம் தன் இலையில் செய்த சர்க்கரையைப் பதிலுக்குக் கொடுக்கிறது. ஓக், பாப்லர், வில்லோ, லிண்டன், ஹேசல் ஆகியவை வெள்ளை டிரஃபிள் கூட்டுச் சேரும் மரங்கள். ஆண்டு முழுவதும் மண்ணுக்குள் வாழ்வது அந்த இழைவலைதான். நாம் சந்தையில் பார்ப்பது அது இலையுதிர் காலத்தில் தரும் கனி மட்டுமே.

கனி என்றால் அதற்குள் விதை இருக்க வேண்டும். பூஞ்சைக்கு விதையின் இடத்தில் ஸ்போர்கள், அதாவது வித்துத் துகள்கள். தரைக்கு மேல் முளைக்கும் காளான் தன் குடையை விரித்து வித்துகளைக் காற்றில் விட்டுவிடும். மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் மூடிக் கிடக்கும் டிரஃபிளுக்குக் காற்று ஏது? யாராவது தோண்டி எடுத்துத் தின்ன வேண்டும். தின்றவரின் குடல் வழியாக வித்துகள் சேதமில்லாமல் வெளியேறி வேறோர் இடத்தில் விழ வேண்டும். காட்டுப்பன்றியும் எலியும் அணிலும் அந்த வேலையைச் செய்கின்றன. இருட்டுக்குள் இருந்தபடி அவற்றைக் கூப்பிட ஒரே வழி வாசனை. பழுத்த பலாவின் மணத்துக்கும் இதற்கும் நோக்கம் ஒன்றே. வித்துகள் முற்றாதவரை டிரஃபிள் மணப்பதே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

சரி, அந்த வாசனை எதனால் ஆனது? இதை விளக்க நம் அடுக்களையைவிட நல்ல இடம் இல்லை. பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பூண்டை நசுக்கிப் பாருங்கள். இரண்டிலும் மூக்கில் ஏறுவது கந்தகம் கலந்த மூலக்கூறுகள். டிரஃபிளும் அந்தக் குடும்பம்தான். வெள்ளை டிரஃபிளின் மணத்துக்கு முதன்மையான காரணம் பிஸ்மெத்தில்தயோமீத்தேன் என்ற சேர்மம் என்று 1967-இல் கண்டறிந்தார்கள். பெயர் நீளமே தவிர ஆள் மிகச் சிறியவர்: நடுவில் ஒரு கார்பன், அதன் இரு பக்கமும் ஒவ்வொரு கந்தகம், இரு முனைகளிலும் ஒவ்வொரு மெத்தில் தொகுதி. சிறியவர் என்பதால் எளிதாக ஆவியாகி மண் துளைகள் வழியே மேலேறி வந்துவிடுவார். நம் மூக்கும் கந்தகத்தைக் கண்டுபிடிப்பதில் படு கெட்டி. மணமே இல்லாத சமையல் எரிவாயுவில் கசிவு தெரிவதற்காக ஒரு கந்தகச் சேர்மத்தைத் துளியளவு கலப்பது அந்தத் திறமையை நம்பித்தான்.

பெருங்காயமும் டிரஃபிளும் இவ்வளவு நெருங்கிய சொந்தம் என்றால், ஒன்று ஈரானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் நூற்றாண்டுக் கணக்காக ஒட்டகத்திலும் கப்பலிலும் நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது எப்படி? மற்றது சில நாட்களுக்குள் ஏன் வாடுகிறது? பெருங்காயம் ஒரு செடியின் காய்ந்த பால். அதன் பிசின் கந்தக மூலக்கூறுகளைத் தனக்குள் பூட்டி வைத்துக்கொள்கிறது. சூடான எண்ணெயில் விழும்போதுதான் அந்தப் பூட்டு முழுதாகத் திறக்கிறது. டிரஃபிளிடம் அந்தப் பூட்டு கிடையாது. பறித்த பிறகும் அது உயிருள்ள திசு, மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது. எடையில் முக்கால் பங்கு தண்ணீர், அதுவும் நாளுக்கு நாள் வற்றுகிறது. மணம் உண்டாவதும் வெளியேறுவதும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. உண்டாவது குறையக் குறைய, ஒரு வாரம் பத்து நாளில் கையில் மிஞ்சுவது மணமில்லாத ஒரு கட்டி. காகிதத்தில் சுற்றிக் குளிர்ச்சியில் வைத்தால் சில நாள் தள்ளிப்போடலாம், அவ்வளவே.

மணத்தைப் பூஞ்சை மட்டும் தனியாகச் செய்வதில்லை என்பதும் இப்போது தெரிந்திருக்கிறது. டிரஃபிளின் சதைக்குள் பாக்டீரியாக்கள் கூட்டம் கூட்டமாகக் குடியிருக்கின்றன. வெள்ளை டிரஃபிளின் உறவான இன்னொரு வகையில், மணத்துக்குக் காரணமான சில கந்தகச் சேர்மங்களை அந்தப் பாக்டீரியாக்களே செய்கின்றன என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

விலங்குகள் எதைப் பிடித்துக்கொண்டு வருகின்றன என்பதற்கு ஒரு நல்ல துப்பறியும் கதை உண்டு. ஆண் பன்றியின் உடலில் சுரக்கும் ஆண்ட்ரோஸ்டெனால் என்ற பொருள் கறுப்பு டிரஃபிளிலும் இருப்பதாக 1981-இல் தெரியவந்தது. பெண் பன்றி துணையைத் தேடித்தான் மண்ணைக் கிளறுகிறது என்று கதை பரவிவிட்டது. சுவையான கதைதான், இன்றும் பலர் சொல்கிறார்கள். 1990-இல் பிரான்சில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். மண்ணில் டிரஃபிள், ஆண்ட்ரோஸ்டெனால், டைமெத்தில் சல்ஃபைடு ஆகியவற்றைத் தனித்தனியாகப் புதைத்தார்கள். பன்றியும் நாயும் டிரஃபிளைக் கண்டுபிடித்தன, டைமெத்தில் சல்ஃபைடையும் கண்டுபிடித்தன. ஆண்ட்ரோஸ்டெனாலைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆக, அவற்றை இழுத்தது எளிய ஒரு கந்தகச் சேர்மம். 37 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும் அந்தப் பொருள் கடற்காற்றின் மணத்திலும் உண்டு.

இத்தாலியில் இன்று பன்றிக்கு இந்த வேலை இல்லை. தோண்டியதைத் தானே தின்றுவிடும், இழைவலையையும் பிய்த்துவிடும். 1985-இல் வந்த சட்டப்படி பழக்கிய நாயோடுதான் தேட வேண்டும். ஆல்பாவுக்கு அருகே ரோடி (Roddi) என்ற சிற்றூரில் 1880 முதல் டிரஃபிள் நாய்களுக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி இருந்து வந்திருக்கிறது. டிரஃபிள் தேடுபவரைப் பியட்மாண்ட் மொழியில் திரிஃபுலாவ் என்பார்கள். தன் இடம் பிறருக்குத் தெரியக்கூடாது என்பதால் அவர் பெரும்பாலும் இரவில்தான் கிளம்புவார்.

நாய் ஈரச் சருகுகளுக்கு மேல் மூக்கை வைத்து வளைந்து வளைந்து ஓடும். ஓரிடத்தில் சட்டென்று நிற்கும். வால் வேகமாக ஆடும், முன்னங்கால்கள் மண்ணைப் பறிக்கத் தொடங்கும். திரிஃபுலாவ் ஓடிவந்து முழங்காலிட்டு நாயைக் கையால் மெல்ல விலக்குவார், பையிலிருந்து ரொட்டித் துண்டு ஒன்றைக் கொடுப்பார். பிறகு சின்னக் கொத்தால் மண்ணை நெகிழ்த்தி, ஒரு பிடி அள்ளித் தன் மூக்கில் வைத்துப் பார்ப்பார். மண்ணிலேயே மணம் ஏறியிருந்தால் கொத்தை வைத்துவிட்டு விரலால் தோண்டுவார். முற்றியது மட்டுமே மணக்கும் என்பதால் நாய் பிஞ்சை விட்டுவிடும். கண்மூடித்தனமாகக் கிளறினால் பிஞ்சும் போகும், அடுத்த ஆண்டு விளைச்சலும் போகும். இந்த அறிவையும் பழக்கத்தையும்தான் 2021-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

சந்தைக்கு வரும் சரக்கை நடுவர்கள் தொட்டும் முகர்ந்தும் பார்க்கிறார்கள். கிலோ பல ஆயிரம் யூரோவுக்குப் போகும் பொருள் என்பதால் அந்தக் கண்டிப்பு தேவைதான். திருவிழாவில் அதைச் சாப்பிடும் முறையைப் பாருங்கள்: யாரும் அதை அடுப்பில் ஏற்றுவதில்லை. தஜரின் என்ற மெல்லிய முட்டைச் சேமியாவை வெண்ணெயில் புரட்டி ஆவி பறக்க வைக்கிறார்கள். மேலே பச்சையாகவே டிரஃபிளைச் சீவுகிறார்கள். தட்டின் சூடு மூலக்கூறுகளைக் கிளப்பிவிடும். வெண்ணெய் கொஞ்சம் பிடித்து வைத்து, மெல்லும்போது தொண்டைப் பக்கமிருந்து மூக்குக்கு அனுப்பும். நாக்குக்கு இதில் வேலை மிகக் குறைவு. டிரஃபிளோடு முட்டைகளை ஒரு மூடிய ஜாடியில் போட்டு வைக்கும் பழக்கமும் உண்டு. ஓட்டின் நுண்துளை வழியாக மணம் உள்ளே போய் மஞ்சள்கருவின் கொழுப்பில் தங்கிவிடும்.

கடைகளில் விற்கும் டிரஃபிள் எண்ணெயில் பெரும்பாலும் இருப்பது ஆய்வுக்கூடத்தில் செய்த பிஸ்மெத்தில்தயோமீத்தேன் என்ற அந்த ஒரே ஒரு சேர்மம். ஒரு தம்புரா நாதத்தை மட்டும் கேட்டுவிட்டு முழுக் கச்சேரியும் கேட்டதாக நினைப்பது போன்றது அது. உண்மையான டிரஃபிளில் பல பத்து மூலக்கூறுகள் சேர்ந்து ஒலிக்கின்றன.

கறுப்பு டிரஃபிளை ஓக் கன்றுகளோடு சேர்த்துத் தோப்பாக வளர்க்கிறார்கள். வெள்ளை நீண்ட காலம் பிடிகொடுக்கவில்லை. பூஞ்சை ஏற்றிய கன்றுகளை நட்ட ஒரு பிரெஞ்சுத் தோட்டத்தில் 2019-இல் மூன்று, அடுத்த ஆண்டு நான்கு என்று கிடைத்தது ஆராய்ச்சியாளர்களுக்கே பெரிய செய்தி. இதற்கிடையில் லாங்கேயின் சரிவுகளில் மரங்கள் இருந்த இடத்தைத் திராட்சையும் கொட்டைக்காக வளர்க்கும் ஹேசல் தோட்டங்களும் பிடித்துக்கொண்டு வருகின்றன. கோடையில் மண் ஈரம் காக்காவிட்டால் இலையுதிர் காலத்தில் கனி வராது, 2022-இல் வட இத்தாலியை வாட்டிய வறட்சியை நினைத்தாலே கவலையாக இருக்கிறது. டிரஃபிள் தரும் மரத்தை வெட்டாமல் வைத்திருப்பவருக்குப் பியட்மாண்ட் அரசு உதவித்தொகை கொடுப்பதை நான் மிகவும் மதிக்கிறேன். மரம் போனால் வலை போகும், வலை போனால் திருவிழாவும் இல்லை.

தோண்டிய குழியை உடனே மூட வேண்டும் என்பதும் சட்டம். கட்டியைத் துணியில் சுற்றிப் பையில் போட்ட பிறகு, திரிஃபுலாவ் வெட்டிய மண்ணை அதே இடத்தில் கையால் தள்ளி அழுத்துகிறார். மேலே சருகுகளை இழுத்து மூடுகிறார். நாய் அதற்குள் அடுத்த மரத்தடிக்குப் போய்விட்டது.