வைரஸ் போயும் விண்டோஸ் ஏன் தடுமாறுகிறது?

கோத்தகிரி, குன்னூர் பக்கத் தேயிலை ஃபேக்டரிகளில் இலைக் கணக்கு பென்டிரைவில் போய்வருவதுண்டு. கூடவே வைரஸும் வரும். ஆன்டிவைரஸ் போட்டு அழித்த பிறகும், 'டிஎல்எல் ஃபைலைக் காணோம்' என்று திரையில் ஒரு பெட்டி முளைக்கும்; புரோகிராம்கள் ஓடத் தேவையான துணை ஃபைல்தான் டிஎல்எல். வைரஸ் போனாலும் அது கெடுத்த ஃபைல் தானாகச் சரியாகாது. உள்ளே வைரஸ் கலந்திருந்ததால் ஆன்டிவைரஸே அதை நீக்கியிருக்கவும் கூடும்.

இப்படிக் கெட்ட சிஸ்டம் ஃபைல்களைத் தேடிச் சரிசெய்யத்தான் விண்டோஸின் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow) கட்டளை. சிஸ்டம் ஃபைல் ஒவ்வொன்றுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹாஷ் எண் விண்டோஸிடம் இருக்கிறது. ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். அப்படி மாறியதைக் கண்டால், வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற கிடங்கு ஃபோல்டரிலிருந்து நல்ல ஃபைலை எடுத்து வைக்கும்.

சிக்கல் இங்கேதான். சிஸ்டம்32 ஃபோல்டரில் நாம் பார்க்கும் ஃபைலும் கிடங்கில் உள்ள ஃபைலும் பெரும்பாலும் தனித்தனி நகல்கள் அல்ல; டிஸ்க்கில் இருக்கும் ஒரே தரவுக்கு இரண்டு பெயர்கள். இதை ஹார்டு லிங்க் என்பார்கள். வைரஸ் பழைய ஃபைலை அகற்றி அதே பெயரில் தன்னுடையதை வைத்தால் கிடங்கு பிழைத்துக்கொள்ளும். அந்த ஃபைலுக்குள்ளேயே எழுதிவிட்டால் இரண்டும் சேர்ந்தே கெடும். அப்போதுதான் எஸ்எஃப்சி, 'சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை' என்று கைவிரிக்கிறது.

அளப்பதற்கு முன் படி சரியா என்று பார்ப்பதுபோல, முதலில் கிடங்கைச் சரிசெய்ய வேண்டும். டிஸ்ம் (DISM) கட்டளையின் ரெஸ்டோர்ஹெல்த் (RestoreHealth) அதைச் செய்கிறது, நல்ல ஃபைல்களை விண்டோஸ் அப்டேட்டிலிருந்து இறக்கி. மழைக்காலத்தில் மலையில் நெட் நிலைக்காது, பாதியில் நின்றுவிடும். அதே விண்டோஸ் பதிப்பின் ஐஎஸ்ஓவை, அதாவது விண்டோஸை நிறுவும் முழுத் தொகுப்பை, வேறு நல்ல கம்ப்யூட்டரில் இறக்கி வந்து, நல்ல ஃபைல்களை எடுக்கும் இடமாக அதிலுள்ள இன்ஸ்டால் ஃபைலை டிஸ்முக்குக் காட்டினால் நெட்டே வேண்டாம். அப்புறம் எஸ்எஃப்சி.

இதற்கெல்லாம் முன்னால், விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் எழும்முன்பே தேடுவதால் வைரஸ் ஒளிவது கடினம். உயிரோடிருக்கும் வைரஸ், சரிசெய்த ஃபைலை மறுபடி கெடுக்கும்.

மரம் விழுந்து கரண்ட் போய்க் கம்ப்யூட்டர் சட்டென்று அணைந்தாலும் சிஸ்டம் ஃபைல் கெடக்கூடும். காரணம் எதுவென்று எஸ்எஃப்சி சொல்லாது. அது சுத்தமென்றால் வைரஸ் இல்லையென்றும் ஆகாது: இணையப் பெயர்களை வேறு முகவரிக்குத் திருப்பக்கூடிய ஹோஸ்ட்ஸ் ஃபைல், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர், பிரவுசர் அமைப்புகளில் நடந்த மாற்றங்கள் அதன் கண்ணில் படா. அவற்றை நாம்தான் திறந்து பார்க்க வேண்டும். வைரஸ் திருடியிருக்கவும் கூடும் என்பதால், பாஸ்வேர்டுகளை வைரஸ் இல்லாத வேறு கருவியிலிருந்து மாற்றிவிடுங்கள்.