அமெரிக்கக் கால்பந்து: காலுக்கு அங்கே என்ன வேலை?

'ஃபுட்பால்' என்றால் நமக்கு மெஸ்ஸி நினைவுக்கு வருவார். அமெரிக்கருக்கோ தலைக்கவசம் மாட்டிய கூட்டமும், பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஓர் ஆளும்தான் தோன்றும். எப்போதாவது ஒருவர் வந்து உதைத்துவிட்டுப் போவார். அவ்வளவுதான் காலுக்கு வேலை.

சொல் பழையது. 'ஃபுட் பால்' ஆடக்கூடாது என்று ஸ்காட்லாந்தில் 1424-லேயே சட்டம் போட்டார்கள். காலால் உதைத்ததால் வந்த பெயர் என்பார்கள் பலர். குதிரைமீது ஏறாமல் தரையில் நின்று ஆடியதால் வந்தது என்பார்கள் சிலர். பந்து ஓர் அடி நீளம், அதனால்தான் 'ஃபுட்' என்றும் ஒரு கதை உலவுகிறது. நம்ப வேண்டாம். அந்தப் பந்து ஏறத்தாழ 11 அங்குலம்தான். பெயரோ பந்தைவிடப் பல நூற்றாண்டு மூத்தது.

அமெரிக்காவிலும் முதலில் கால்தான் ஆடியது. 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் பக்கத்துக்கு 25 பேராக மோதியபோது பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட அனுமதி இல்லை. 1874-ல் ஹார்வர்டு மாணவர்கள் கனடாவின் மெக்கில் அணியோடு ஆடி, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ரக்பி முறையில் சொக்கிப்போனார்கள். பந்து கைக்கு ஏறியது. ஆட்ட விதிகளை வகுத்த வால்டர் கேம்ப் 1880-ல் அணிக்கு 11 பேர் என்றாக்கினார். இத்தனை முயற்சிக்குள் இத்தனை கெஜம் முன்னேற வேண்டும் என்ற விதி 1882-ல் வந்தது. இன்று அது 4 முயற்சி, 10 கெஜம். 1906-ல் பந்தை முன்னோக்கி எறியவும் அனுமதி கிடைத்தது. ஆட்டம் ஆளே மாறிப்போனாலும் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. 'டச் டவுன்' கதையும் இதேதான்: ரக்பியில் பந்தைத் தரையில் அழுத்தியாக வேண்டும், இங்கே கையில் பிடித்த பந்து எதிரணியின் எல்லைக்கோட்டைத் தொட்டாலே 6 புள்ளி.

இந்தப் பெயரோடு நாடு தாண்டியபோதுதான் வேடிக்கை. ஊரூருக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே உதைக்கும் ஆட்டத்துக்குப் பட்டாவாகியிருந்தது. மெக்சிகோக்காரர்கள் 'ஃபுட்பால் அமெரிக்கானோ' என்று அடைமொழி சேர்த்தார்கள். 2005-ல் அங்கே அஸ்டெகா அரங்கில் நடந்த, அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். ஆட்டத்துக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் திரண்டார்கள். ஜப்பானியர் 'அமேஃபுட்டோ' என்று சுருக்கினார்கள். எனக்குப் பிடித்தது ஜெர்மானியர் வழி. உதைக்கும் ஆட்டத்துக்கு 'ஃபுஸ்பால்' என்ற சொந்தச் சொல் இருப்பதால், ஆங்கிலச் சொல்லைப் பெயர்க்காமல் அமெரிக்க ஆட்டத்துக்கே கொடுத்துவிட்டார்கள். ஐரோப்பாவில் என்.எஃப்.எல். நடத்திய லீக் 2007-ல் மூடப்பட்டபோது மிஞ்சிய 6 அணிகளில் 5 ஜெர்மனியுடையவை. 2022-ல் மியூனிக்குக்கு ஆட்டம் வந்தபோது அரங்கம் நிரம்பியது. வெளிநாட்டில் ரசிகர் கிடைப்பாரா என்று இனியும் கேட்பது வீண். பெயர் குறுக்கே நிற்கவில்லை என்பதே என் எண்ணம். அடிக்கடி நின்று நின்று நகரும் ஆட்டத்துக்குப் பழகுவதுதான் புதியவருக்குச் சிரமம்.

தமிழுக்கு வருவோம். தமிழ்நாட்டில் கால்பந்து, சிங்கப்பூர், மலேசியாவில் புணர்ச்சி விதிப்படி காற்பந்து, இலங்கையில் உதைபந்தாட்டம். 'அமெரிக்க உதைபந்தாட்டம்' என்று எழுதினால் முரண் இன்னும் பச்சையாகத் தெரியும். ஜெர்மன் வழியும் நமக்கு உதவாது; பேச்சில் நாம் கால்பந்தையே 'ஃபுட்பால்' என்கிறோமே! ஆகவே செய்தியில் எழுத 'அமெரிக்கக் கால்பந்து' போதும். சீனர்கள் பந்தின் வடிவத்தைப் பார்த்து 'அமெரிக்கப் பாணி ஆலிவ் பந்து' என்கிறார்கள். அந்த வழியில் போனால், நூல் நூற்கும் கதிரைப்போல இருமுனையும் கூர்ந்த பந்து என்பதால் 'கதிர்ப்பந்து' எனலாம். யாரும் ஏற்கமாட்டார்கள், தெரியும்.

அடுத்த தலைவலி, இதே ஆட்டத்தின் இன்னொரு வகையான 'ஃபிளாக் ஃபுட்பால்'. 2023-ல் மும்பையில் கூடிய ஒலிம்பிக் குழு, கிரிக்கெட்டோடு சேர்த்து இதையும் 2028 லாஸ் ஏஞ்சலஸ் போட்டியில் ஏற்றது. அணிக்கு 5 பேர். ஆளை வீழ்த்தக்கூடாது, இடுப்பில் தொங்கும் பட்டையை உருவினால் போதும். உதை என்பதே கிடையாது. 'கொடிக் கால்பந்து' என்று பெயர்த்தால் கொடியும் இல்லை, காலும் இல்லை. 'பட்டைப் பறி' என்றால் சடுகுடு ஆடியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.